கால்பந்து மிட்டாய் அல்ல

கால்பந்தை வைத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உலகப் பிரச்சினைகளைச் சொல்லிக்கொடுப்பது இன்றைக்கு ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென்று பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், கையேடுகள் இருக்கின்றன, வண்ண அட்டைகள் இருக்கின்றன. ஐநா 2015-ல் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை அறிவித்தது, அவற்றின் கீழே 169 உட்குறிக்கோள்கள். அதில் 4.7 என்று ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு உலகக் குடிமக்களாக இருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறது. ஃபிஃபா 2019-ல் 'ஃபுட்பால் ஃபார் ஸ்கூல்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் நம் ஒன்றியக் கல்வி அமைச்சகமும் அதில் கையெழுத்துப் போட்டது. 2024-ல் ஐநா பொதுச்சபை மே 25-ஐ உலகக் கால்பந்து நாளாக அறிவித்தது. மே 25 அன்று நம்மூர்ப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கும் என்பதை நியூயார்க்கில் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

இந்த யோசனை எனக்குப் பிடிக்கும். கோபம் வருவதே அதனால்தான். பிடிக்காத விஷயத்தை யாராவது கெடுத்தால் நாம் பாட்டுக்குப் போய்விடலாம்.

என்ன கெடுத்தார்கள் என்று சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு நாள் சேவை நாள். வாரக் கடைசியில் டர்ஃபில் கால்பந்து ஆடுபவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்ததால் என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். சென்னைக்கு வெளியே ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரு பயிற்சி நிறுவனத்தை வரவழைத்திருந்தார்கள். மைதானத்தில் வரிசையாகக் கூம்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. வறுமை ஒழிப்பு, பசியின்மை, தூய்மையான குடிநீர். (பசியின்மை என்றால் தமிழில் வியாதி. அச்சடித்தவர்களுக்கு அது தெரியவில்லை.) குழந்தை பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கூம்பைத் தொட வேண்டும், 'வறுமையை விரட்டுவோம்!' என்று கத்த வேண்டும். உடனே ஒரு சாக்லேட், ஒரு போட்டோ.

கடைசியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, இந்தப் பந்தெல்லாம் எங்களுக்கா?"

"இல்ல தம்பி, நாளைக்கு வேற ஸ்கூலுக்குப் போவணும்" என்றார் பயிற்சியாளர்.

பந்துகளை எண்ணி வலைப்பையில் போட்டார்கள். பன்னிரண்டுக்குப் பதினொன்றுதான் இருந்தது. பஸ் கிளம்பவில்லை. தலைமையாசிரியை பதறிப்போய் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்கவைத்தார். கடைசியில் பந்து சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் கிடைத்தது, யாரும் எடுத்து வைக்கவில்லை, தானாக உருண்டு போயிருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் உலகத்தைப் பற்றி எதையாவது கற்றுக்கொண்டார்கள் என்றால் அந்த இருபது நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள். பந்து எண்ணப்படும், நீயும் எண்ணப்படுவாய்.

நம் ஆட்கள் கால்பந்தை மிட்டாயாக நினைக்கிறார்கள். கசப்பு மாத்திரையை உள்ளே வைத்து மேலே மிட்டாயைச் சுற்றித் தருகிறார்கள். விளையாட்டு என்றால் பிள்ளைகள் ஓடி வருவார்கள், வந்தபின் வாய்க்குள் கருத்தைத் திணித்துவிடலாம். இதில் பந்துக்கு வேலையே இல்லை. கூம்புக்குக் கூம்பு பந்தை உருட்டுவதற்குப் பதில் பம்பரம் விட்டாலும், சாக்கு ஓட்டம் ஓடினாலும் அதே அட்டையைத் தொடலாம், அதே கோஷத்தைப் போடலாம். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. பந்து தனக்குள்ளேயே உலகத்தை வைத்திருக்கிறது. யார் செய்தது, யாருக்கு எவ்வளவு கிடைத்தது, யார் ஆடலாம், விதியை யார் போடுவது? இந்த நாலு கேள்விக்கு மேல் உலகப் பிரச்சினை என்று தனியாக ஒன்று கிடையாது. அட்டை தேவையில்லை. பந்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பார்ப்பது என்றால் நிஜமாகவே பார்ப்பது. பழைய மாதிரிப் பந்து ஒன்றை ஐந்தாம் வகுப்பில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்து, அதற்குப் பின் 'கால்பந்து' என்றாலே நம் எல்லோர் மனதிலும் வருகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்து. கறுப்பு ஐங்கோணங்கள் 12. வெள்ளை அறுங்கோணங்கள் 20. பன்னிரண்டு ஐந்து அறுபது, இருபது ஆறு நூற்றிருபது, ஆக 180 ஓரங்கள். இரண்டு துண்டுகளின் ஓரம் சேர்ந்தால் ஒரு மூட்டு. எனவே 90 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஏழெட்டுத் தையல். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும். "அவ்ளோவா!" அந்த 'அவ்ளோவா'தான் பாடத்தின் தொடக்கம். நானோ நீங்களோ உருக்கமான குரலில் 'குழந்தைகளே, இதைத் தைத்த விரல்களை நினைத்துப் பாருங்கள்' என்று சொன்னால் அந்தச் சத்தம் வராது.

பிறகு எப்படித் தைக்கிறார்கள் என்று சொல்லலாம். பந்தை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைப்பார்கள். முழங்கால்களுக்கு நடுவே மரப்பிடி, அதில் இரண்டு துண்டுகள், மெழுகு ஏற்றிய நூல், இரண்டு ஊசி. கடைசியில் கொஞ்சம் இடைவெளி விட்டு அதன் வழியே பந்தைப் புரட்டி, உள்ளே பிளாடரை வைத்து, மீதியை வெளியிலிருந்து மூட வேண்டும். அந்தக் கடைசித் தையல்தான் கஷ்டம் என்பார்கள். நன்றாகப் பழகிய கைக்கே ஒரு பந்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

உலகத்தின் கைத்தையல் பந்துகளில் பெரும்பங்கு பல காலமாகப் பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வந்தது. ஜம்முவுக்குப் பக்கத்து ஊர். 1947 பிரிவினையின்போது அங்கிருந்த தொழில்காரர்கள் பலர் இந்தப் பக்கம் வந்து ஜலந்தரில் தொழிலை ஊன்றினார்கள். நம்மூர் விளையாட்டுக் கடை வாசலில் வலையில் தொங்குகிற பந்து பெரும்பாலும் ஜலந்தரில் இருந்தோ மீரட்டில் இருந்தோ வந்ததாக இருக்கும். ஆக, நாட்டை ஒரு கோடு போட்டுப் பிரித்தால் என்ன ஆகும் என்ற வரலாறும் இந்தப் பந்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்காக ஒரு தனி யூனிட் போட வேண்டியதில்லை.

1996 ஜூனில் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. 'மணிக்கு ஆறு சென்ட்' என்று தலைப்பு. பந்து தைக்கும் பாகிஸ்தான் சிறுவன் ஒருவனின் படம் உலகம் முழுக்கப் போனது. சியால்கோட் பகுதியில் பதினான்கு வயதுக்குட்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பந்து தைப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சியால்கோட் வணிகர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் கையெழுத்திட்டன. இனிமேல் வீட்டில் வைத்துத் தைக்கக் கூடாது, பதிவுசெய்த தையல் கூடங்களில் மட்டுமே தைக்க வேண்டும், ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள்.

நான் பார்த்த பாடக் கையேடுகள் எல்லாம் இங்கே முடிந்துவிடுகின்றன. 'இப்போது அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.' கைதட்டல். அடுத்த பக்கத்தில் வண்ணம் தீட்டுக.

மென்பொருள் சோதனையில் நாங்கள் இதை 'ஹேப்பி பாத்' என்போம். எல்லாம் சரியாக நடந்தால் எது நடக்குமோ அதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வேலை செய்கிறது என்று டிக் அடிப்பது. எங்கள் துறையில் அப்படிச் செய்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். கல்வித் துறையில் போன் வருவதில்லை.

அட்லாண்டாவுக்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான பாடம். தையல் வீட்டிலிருந்து கூடத்துக்குப் போனதும், வீட்டுப் பெண்கள் பலருக்கு வேலை போயிற்று. தூரமாகப் போய் ஆண்கள் நடுவே உட்கார்ந்து தைக்க அவர்களால் முடியவில்லை, வீடுகளில் அனுமதிக்கவில்லை. பெண்களுக்கென்று சில கூடங்கள் வந்தன, ஆனால் எல்லோருக்கும் அவை போதவில்லை. குழந்தை உழைப்பை ஒழிக்கப் போட்ட விதி தாயின் வருமானத்தை வெட்டியது. 2006 நவம்பரில் சியால்கோட்டின் பெரிய நிறுவனமான சாகா ஸ்போர்ட்ஸுடனான ஒப்பந்தத்தை நைக்கி முறித்தது. விதியை மீறி வீடுகளுக்குத் தையல் வேலை போகிறது என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்களின் வேலை ஆட்டம் கண்டது. விதிப்படி பார்த்தால் நைக்கி செய்தது சரி. அந்த ஊர்த் தெருவில் நின்று பார்த்தால்? நடுவில் ஒட்டுப் பந்து வேறு வந்துவிட்டது. 2006 உலகக் கோப்பையில் ஆடிய பந்து தைக்கப்பட்டதல்ல, சூட்டில் ஒட்டப்பட்டது, வெறும் 14 துண்டுகள். 2014-ல் அது ஆறாகக் குறைந்தது. அந்த ஆறு துண்டுப் பந்து மறுபடியும் சியால்கோட்டிலிருந்தே வந்தது, இந்தத் தடவை தொழிற்சாலை வரிசையில் நின்று செய்தவர்களில் நிறையப் பேர் பெண்கள்.

இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு என் மதினியைக் காட்டுவேன். அத்தை மகள், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. நாலும் ஐந்தும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள். ஊருக்குப் போகும் சனிக்கிழமைகளில், பள்ளி இருந்தால், நானும் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். சியால்கோட் கதையை முழுசாகச் சொல்லிவிட்டு மதினி ஒரே கேள்வி கேட்டார்: "நீங்க அந்த ஊர்க் கலெக்டரா இருந்தா என்ன செய்வீங்க?"

ஒருவன் எழுந்து, "நான் பந்து தைக்கிறேன் டீச்சர், ஸ்கூல் வேணாம்" என்றான். வகுப்பே சிரித்தது. இன்னொருத்தன் கம்பெனிக்காரர்களை ஜெயிலில் போடச் சொன்னான். அதற்குள் ஒரு பெண், "அம்மாவுக்கு ரெண்டு மடங்கு காசு குடுத்தா, புள்ளைய எதுக்குத் தைக்க விடப் போகுது?" என்றாள். குழந்தை உழைப்பைப் பற்றி எழுதுகிற பொருளாதாரக்காரர்கள் வளர்ந்தவர் கூலி என்று பக்கம் பக்கமாகப் பேசுவது இதைத்தான். அவள் எங்கிருந்து பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தால் அதிசயம் ஒன்றுமில்லை. சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஊர் அது. மூட்டம் போடும் நாட்களில் யார் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

'பாவம், அங்கே ஏழைக் குழந்தைகள் இருக்கிறார்கள்' என்ற வகைப் பாடம் எனக்கு ஏன் எரிச்சலூட்டுகிறது என்றால் இதனால்தான். அந்தப் பாடத்தை எழுதியவருக்கு 'அங்கே' என்று ஓர் இடம் இருக்கிறது. லண்டன் புறநகர் வகுப்பறைக்காக எழுதியது அப்படியே மொழிபெயர்க்கப்பட்டு நம் ஒன்றியப் பள்ளிக்கு வருகிறது. படத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து இரக்கப்படச் சொல்லிப் படத்தில் இருக்கும் பிள்ளையிடமே கொடுக்கிறோம். இரக்கம் கெட்ட குணம் என்று சொல்லவில்லை. ஆனால் இரக்கப்பட்டவன் கேள்வி கேட்கமாட்டான், உண்டியலில் காசு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். 'இது நியாயமா?' என்று கேட்டவன் அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போகமாட்டான்.

இனிப்புப் பூசுவதில் வெளிநாட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1914 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து கைகுலுக்கினார்கள், சில இடங்களில் பந்தை உதைத்தும் ஆடினார்கள். அதன் நூற்றாண்டான 2014-ல் பிரிட்டனில் 'ஃபுட்பால் ரிமெம்பர்ஸ்' என்ற பெயரில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்குக் கல்விப் பொதி போனது. அதில் நல்ல கடிதங்கள், படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் பொதுவெளியில் அந்தக் கதை சுருங்கிச் சுருங்கி, போரை ஒரு பந்து நிறுத்தியது என்று ஆகிவிட்டது. பந்து போரை நிறுத்தவில்லை. அது இன்னும் நாலு வருஷம் நடந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்படி எதுவும் நடக்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்தது. ஒன்றாக ஆடியவர்கள் ஏன் திரும்பப் போய்ச் சுட்டார்கள், சுடச் சொன்னது யார்? எட்டு வயதுப் பிள்ளை கட்டாயம் கேட்கக்கூடிய கேள்வி இது. பெரியவர்களாகிய நாம் 'விளையாட்டு எல்லோரையும் ஒன்றிணைக்கிறது' என்று முந்திக்கொண்டு அதன் வாயை அடைக்கிறோம்.

ஒன்றிணைக்கிறதாம். கால்பந்து ஆடியவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். நான் ஆடிய எந்த ஆட்டமும் சண்டையில்லாமல் முடிந்ததில்லை.

'பிஞ்சு மனசு, அரசியல் வேண்டாம்' என்பவர்களுக்கும் என் பதில் அந்தச் சண்டைதான். தெருவில் பிள்ளைகள் ஆடுவதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆட்டம் நாலு நிமிடம், வழக்கு ஆறு நிமிடம். செருப்பை வைத்துக் கோல் போஸ்ட். பந்து செருப்புக்கு மேலே போனதா உள்ளே போனதா என்று உச்ச நீதிமன்ற அளவுக்கு வாதம் நடக்கும். அணி பிரிக்கும்போது நல்லா ஆடுகிற இரண்டு பேர் ஒரே பக்கம் வந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். குட்டிப் பையனைச் சேர்த்துக்கொண்டு அவனுக்குத் தனிச் சலுகை கொடுப்பார்கள், அதற்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயரும் வைப்பார்கள். பந்து யாருடையதோ அவன் தோற்கப்போகும்போது பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், அவனை எப்படிச் சமாளிப்பது என்றும் ஒரு கலை வைத்திருக்கிறார்கள். ஃபிஃபா என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் இரண்டே வார்த்தையில் விளக்கலாம்: பந்து வைத்திருப்பவன். ஃபிஃபாவின் கையேட்டில் இந்தப் பாடம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும், என் நண்பர்களிடமிருந்தே. ஃபுட்பால் முழுக்கக் கார்ப்பரேட் ஆகிவிட்டது, அதை வைத்து நியாயம் பேசுவது ஓநாயை வைத்து ஆட்டுப் பாடம் எடுப்பது மாதிரி என்பார்கள். அவர்களிடம் ராபன் தீவைச் சொல்வேன். தென்னாப்பிரிக்க அரசியல் கைதிகள் பந்தாட அனுமதி கேட்டு வருஷக்கணக்கில் மனுப் போட்டு, 1960-களில் வாங்கினார்கள். மகானா கால்பந்துச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, ஃபிஃபாவின் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு லீக் நடத்தினார்கள். டிவிஷன்கள், ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மேல்முறையீடு எல்லாம் உண்டு. பதினைந்து வயதில் கைதாகி உள்ளே போன டிக்காங் மொசெனெக்கே அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தார், பின்னாளில் நாட்டின் துணைத் தலைமை நீதிபதியானார். சட்டமே இல்லாத இடத்தில் சட்டத்தின்படி வாழ அவர்களுக்கு ஆஃப்சைடு விதி உதவியது. விதிப்புத்தகம் யார் அச்சடித்தது என்பது அங்கே இரண்டாம்பட்சம். நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-லிருந்து இயங்கும் இளைஞர் விளையாட்டுச் சங்கம் இன்னும் எளிமையாகச் செய்தது. அணி சேர்ந்து வந்து தெருக் குப்பையை அள்ளினால் லீக் பட்டியலில் புள்ளி கிடைக்கும். அங்கே சுற்றுச்சூழலைப் பற்றி யாரும் கோஷம் போட வேண்டியிருக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம். மதினி வகுப்பில் பந்தை எடுத்ததும் பையன்கள் தரைக்குப் போனார்கள், பெண்கள் சுவரோரம் போய் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, கால்கள் தானாகப் போயின. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லையாம். தடை விலக ஐம்பது வருஷம் ஆயிற்று. இதை மதினி சொன்னபோது சுவரோரம் நின்ற ஒருத்தி, "கூட்டம் வரலைன்னா விட்டுருப்பாங்க" என்றாள். அடுத்த பத்து நிமிடம் பெண்கள் மட்டும் ஆடினார்கள், பையன்கள் சுவரோரம். பாடம் அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கினால் கெட்டுவிடும்.

இனி கத்தார். எங்கள் பக்கத்தில் இதைத் தொடாமல் கால்பந்தைப் பற்றிப் பேச முடியாது. அந்த வகுப்பிலேயே ஏழெட்டுப் பிள்ளைகளின் அப்பாக்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். உலகக் கோப்பைக்காகக் கத்தார் கட்டிய மைதானங்கள், சாலைகள், ஓட்டல்கள் எல்லாவற்றிலும் தெற்காசிய உழைப்பு இருக்கிறது. இறந்தவர்கள் எத்தனை என்பதில் பெரிய சண்டை. ஐந்து தெற்காசிய நாட்டவரில் 6,500 பேர் பத்தாண்டுகளில் இறந்ததாக 2021-ல் 'கார்டியன்' எழுதியது, அது எல்லாக் காரணங்களும் சேர்ந்த கணக்கு. மைதானக் கட்டுமானத்தில் வேலை தொடர்பான மரணம் மூன்றே மூன்று என்றார்கள் அமைப்பாளர்கள். 2022 நவம்பரில் அவர்களின் தலைவரே ஒரு பேட்டியில் நானூறு, ஐந்நூறு இருக்கும் என்றார். கல்லூரி மாணவர்களுக்கு இது அருமையான பாடம், ஒவ்வொரு எண்ணும் எதை எண்ணுகிறது என்று கேட்கலாம். இந்த வகுப்பில் எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது மதினி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சாவுக் கணக்கு இங்க வேணாம் தம்பி. ராத்திரி வீடியோ கால்ல அப்பாட்ட கேக்குற புள்ளைக."

அவர் எடுத்தது வெயிலை. உலகக் கோப்பை வழக்கமாக ஜூன், ஜூலையில் நடக்கும். கத்தாரில் வெயில் தாங்காது என்று 2022-ல் நவம்பர், டிசம்பருக்கு மாற்றினார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின் ஒரு பையன், "அப்ப கட்டும்போது டீச்சர்? ஜூன்ல வேல நடந்துச்சா?" என்றான். நடந்தது. நடுப்பகலில் வெட்டவெளி வேலைக்குக் கோடைக்காலத் தடை உண்டு, 2021-லிருந்து அது ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து மணி முதல் மாலை மூன்றரை வரை என்று நீட்டப்பட்டது. அதையும் மதினி சொன்னார், மறைக்கவில்லை. அந்தத் தேதிகளைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று கையிலும் எழுதிக்கொண்டாள். பதினேழு வண்ண அட்டைகளையும் சேர்த்து எரித்தாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடான வெளிச்சம் வராது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கும் ஆசிரியர்களின் கேள்வி ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 'எண்ணும் எழுத்தும்' பயிற்சிநூலை முடிக்க வேண்டும், எமிஸில் பதிவேற்ற வேண்டும், முட்டைக் கணக்கு எழுத வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் பெரும்பாலும் கிடையாது. இருக்கிற விளையாட்டு நேரத்தையும் வேறு பாடங்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன, திருப்பித் தருவதில்லை. அதனால் சேவை நாள் நடத்தும் கம்பெனிகளுக்கு என் கோரிக்கை சிறியது. பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பள்ளிக்கு நாலு பந்து, ஒரு பம்ப், இரண்டு ஊசி வாங்கிக் கொடுங்கள். ஊசி கட்டாயம், முதலில் தொலைவது அதுதான். பஸ்ஸில் ஏறி நீங்கள் வர வேண்டியதில்லை. பேனர் வேண்டவே வேண்டாம். ஆசிரியருக்குச் சியால்கோட்டைப் பற்றி, 1921-ஐப் பற்றி நாலு பக்கம் நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கள். என்ன பாடம் எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

மதினி போன தடவை எடுத்தது இது. 1966 உலகக் கோப்பைக்கு 16 இடங்கள். அதற்குப் பதினாறு புளியங்கொட்டை. பிள்ளைகளைக் கண்டம் கண்டமாக உட்காரவைத்தார். ஐரோப்பாவுக்கு நாலு பேர், பத்துக் கொட்டை. தென்னமெரிக்காவுக்கு மூன்று பேர், நாலு கொட்டை. வடக்கும் நடுவும் சேர்ந்த அமெரிக்காவுக்கு மூன்று பேர், ஒன்று. மீதிப் பன்னிரண்டு பேரும் ஒரே மூலையில், ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றும் சேர்த்து. அவர்களுக்கும் ஒரு கொட்டை. ஃபிஃபா அன்றைக்குப் பிரித்த கணக்கு அப்படியே இதுதான்.

மூலையில் முதலில் அடிதடி. ஒருவன் கொட்டையை உடைத்துப் பங்கு போடலாம் என்றான். இன்னொருவன் சாட் பூட் த்ரீ போடச் சொன்னான். ஐரோப்பாவிலிருந்து ஒரு நல்ல பிள்ளை எழுந்துவந்து தன் கொட்டையில் ஒன்றைத் தரப் பார்த்தது. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அதை வாங்காமல், இருந்த ஒரு கொட்டையையும் மதினி மேசையில் கொண்டுவந்து வைத்து, "நாங்க ஆட்டத்துக்கே வரல" என்றாள்.

ஆப்பிரிக்காவிலும் அன்றைக்கு அப்படித்தான் செய்தார்கள் என்று மதினி சொன்னார். கானாவின் குவாமே நிக்ருமா முன்னால் நிற்க, 15 நாடுகள் வரமாட்டோம் என்று விலகின. 1966 கோப்பை ஆப்பிரிக்கா இல்லாமலே நடந்தது. அடுத்த 1970 கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் கொடுத்தார்கள், மொராக்கோ போனது.

"எத்தன இடம் டீச்சர்?"

"ஒன்னு."

"ஒன்னே ஒன்னா!"

பலகையில் 2026 கணக்கையும் எழுதிப் போட்டார். மொத்தம் 48 அணிகள். நேரடி இடமாக ஐரோப்பாவுக்கு 16, ஆப்பிரிக்காவுக்கு 9, ஆசியாவுக்கு 8. பிள்ளைகள் இது நியாயமா என்று வாதம் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ஆசியாவுக்கு எட்டு இடம் இருக்கே டீச்சர், இந்தியா ஏன் போகல?"

மதினி என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். நல்லவேளை, சாப்பாட்டு மணி அடித்தது.